பழைய பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொரு பழைய பெரிய வண்டி வாங்கும் வணிகர்களுக்கு

நம் வணிகர்களில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு பெரிய வண்டி நிற்கிறது. 1994-ல் டாடா சுமோ வந்த நாளில் இருந்து இது வழக்கமாகிவிட்டது. பிறகு குவாலிஸ் வந்தது, பொலேரோ வந்தது, ஸ்கார்ப்பியோ வந்தது. கல்யாணம், குலதெய்வக் கோயில், வெளியூர்க் கொள்முதல், பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விடுவது என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். பதினைந்து வருடம் உழைத்த பிறகு அதை மாற்றவேண்டிய நாள் வருகிறது. புதிதாக வாங்க இருபது லட்சம் முடக்க மனமில்லை. அதனால் பழையதிலேயே நல்லதாக ஒன்று பார்க்கலாம் என்று முடிவு செய்கிறோம். முடிவு சரிதான். சறுக்குவது அதற்குப் பிறகுதான்.

பெரிய வண்டியைப் பற்றி முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் இருத்த வேண்டும். வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் உதிரிபாக விலை இறங்காது. முப்பது லட்சம் விலையில் விற்ற வண்டி பத்து வருடம் கழித்துப் பத்து லட்சத்துக்கோ அதற்கும் குறைவாகவோ கைக்கு வரலாம். ஆனால் அதன் டயர், கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் முப்பது லட்ச வண்டிக்கு என்ன விலையோ அதே விலைதான். ஃபார்ச்சூனரின் முதல் மாடலுக்கு 17 அங்குல ரிம்மில் 265 அளவு டயர். பொலேரோவுக்கு 15 அங்குல ரிம்மில் 215 அளவு. டயர் கடையில் இரண்டுக்கும் விலை கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும். நம்முடைய சக்திக்கு ஒரு படி மேலான வண்டி, நம் சக்திக்குள் விலைக்கு வருகிறது என்பதற்காக வாங்கிவிட்டால், அதை ஓட்டும் செலவு கல்லாவில் இருந்துதான் போகும்.

ஆகவே கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, உங்களிடம் எட்டு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரை லட்சத்துக்கு மேல் விலை பேசக்கூடாது. மீதி ஒன்றரை லட்சம் முதல் வருடச் செலவுக்கு. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், நான்கு டயர், எல்லா ஆயில்களும், பெல்ட்டுகள், பிரேக், பேட்டரி, தேவைப்பட்டால் கிளட்ச் ஆகியவை அதில் அடங்கும். செலவு ஆகவில்லை என்றால் நல்லது, அந்தப் பணம் சரக்குக்குத் திரும்பும். எட்டு லட்சத்தையும் விலையாகவே கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் இன்ஜெக்டர் போய்விட்டால், மாசி, பங்குனியில் புளியும் மிளகாயும் வாங்கிப்போட வைத்திருந்த பணத்தில்தான் கை வைக்கவேண்டி வரும். சீசனில் வாங்காத புளியின் நஷ்டம் வண்டிக் கணக்கில் தெரியாது. ஆனால் அது வண்டியால் வந்த நஷ்டம்தான்.

மூட்டை ஏற்றுவதற்கா, ஆள் ஏற்றுவதற்கா?

இதை நேராகவே சொல்லிவிடுகிறோம். பின் சீட்டை மடக்கி நாலு சிப்பம் அரிசி ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய வண்டி வாங்குவதற்குக் காரணம் என்றால், வாங்க வேண்டாம். வெள்ளை போர்டு காரின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ‘உபயோக வரையறை’ என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டக்கூடாது என்பதோடு, மாதிரிச் சரக்கும் சொந்தப் பயணச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்றும் இருக்கும். பத்து மூட்டையோடு போய் விபத்து நடந்தால், இழப்பீடு கேட்கும்போது கம்பெனி இந்த வரியைத்தான் எடுத்துக்காட்டும். போதாதற்கு, 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு மில்காரர்கள் 26 கிலோ போட ஆரம்பித்துவிட்டார்கள். பத்து சிப்பம் என்றால் பத்து கிலோ கூடுதல்! பின் அச்சுக்கு வரி விலக்கு ஏதும் கிடையாது.

சரக்குக்கு என்று சரக்கு வண்டியாகவே பதிவான ஒரு பழைய டாடா ஏஸ் அல்லது பிக்கப் வாங்கிவிட்டு, குடும்பத்துக்கு நடுத்தரமான கார் ஒன்று வைத்துக்கொள்வது பலருக்குப் பொருத்தமாக இருக்கும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று ஆறேழு பேர் சேர்ந்து போகிறவர்கள், மாதம் நாலைந்து முறை நெடுந்தூரம் போகிறவர்கள், மோசமான சாலையில் தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள் ஆகியோருக்குத்தான் பெரிய வண்டி அவசியம்.

எந்த வருடத்து வண்டி?

மாடலைவிட வருடத்தை முதலில் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.4 விதி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தது. பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்குப் புகைக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். வீட்டில் இருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர், கடையில் இருந்து மண்டிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறவருக்கு அந்தச் சூடு வரவே வராது. கரி சேர்ந்து சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி இழுக்காது. மாற்றவேண்டி வந்தால் செலவு பெரிது.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் பி.எஸ்.6 டீசலைத் தவிர்த்துவிட்டு, நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.4 டீசலையோ பெட்ரோல் வண்டியையோ பார்க்கலாம். வெளியூர் ஓட்டம் அதிகம் என்றால் பி.எஸ்.6 தாராளமாக வாங்கலாம். ஒரு விசித்திரம் என்னவென்றால், குறைவாக ஓடிய பி.எஸ்.6 டீசலைவிட நெடுஞ்சாலையில் நிறைய ஓடிய வண்டிக்கு இந்த விஷயத்தில் வடிகட்டி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘முப்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது’ என்று கேட்டதும் சந்தோஷப்படாமல், எங்கே ஓடியது என்று கேளுங்கள்.

மாடலைப் பொறுத்தவரை, உங்கள் ஊரில் அந்த வண்டியைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, உதிரிபாகம் மறுநாள் வருமா என்ற இரண்டு கேள்வி போதும். செவர்லே நிறுவனம் 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இதனால் எண்டவர் மோசமான வண்டி ஆகிவிடாது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பவர் வைத்துச் சமாளிப்பார். தாலுகா ஊர்க்காரர் ஒரு சென்சாருக்காகப் பத்து நாள் வண்டியை நிறுத்தவேண்டி வரலாம். பொலேரோவுக்கு அந்தக் கவலை இல்லை. சொகுசு குறைவு, குலுக்கும். ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் வேலை நடக்கும்.

இன்னோவாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஜீப் வகையில் சேர்ப்பதா, வேன் வகையில் சேர்ப்பதா என்ற சர்ச்சை நமக்கு வேண்டாம். பெரிய வண்டி தேடுகிற நம்மவர்கள் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். 2005 முதல் வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் என்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. 2016-ல் வந்த கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் என்ஜினில் செயின். பழையதை வாங்கினால் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். பெல்ட் ஓடும்போது அறுந்தால் என்ஜினே செலவு வைக்கும். மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடிப் பிறகு வெள்ளை போர்டுக்கு மாறிய இன்னோவாக்களும் உண்டு. அப்படி ஓடியதே தப்பில்லை, ஒழுங்காகப் பராமரித்திருந்தால். மீட்டரைத் திருப்பி எண்பதாயிரம் என்று சொல்வதுதான் தப்பு. கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், டிரைவர் சீட்டின் ஓரம் இவற்றைப் பாருங்கள். மீட்டர் எண்பதாயிரம் என்று சொல்லி ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த டீசல் என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஓடும்போது அடர்ந்த கறுப்புப் புகை வந்தால் இன்ஜெக்டரோ டர்போவோ பார்க்கவேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பொங்கி வெளியே தள்ளக்கூடாது. தள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம் அது. அந்த வண்டியை விலை குறைத்துக் கேட்பதைவிட, வணக்கம் சொல்லிவிட்டு வருவது மேல்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் எல்லாம் தனிச் சேஸிஸ் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்த வண்டிகள். இந்தச் சட்டம்தான் வண்டியின் முதுகெலும்பு. வண்டியைப் பிட்டில் ஏற்றி அல்லது லிஃப்டில் தூக்கி, டார்ச் அடித்து முன்னிருந்து பின்வரை பாருங்கள். சட்டத்தில் வெல்டிங் வைத்த தடம், நேராக இல்லாத இடம், புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட் இவை இருந்தால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இருந்த வண்டிகளுக்கு அடியில் துருப் பிடித்திருக்கும். மேல் துரு பரவாயில்லை. சுத்தியால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால் ஆகாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தனியாகச் சொல்லவேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வந்தது. அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. துடைத்து, உலர்த்தி, மணம் அடித்து, பல மாவட்டம் தாண்டி விற்பனைக்கு வருகின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா சீட் பெல்ட்டையும் முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. வண்டல் கோடு அங்கே இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், கால்மிதியின் அடிப்புறம், ஸ்டெப்னி வைக்கும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். ஏ.சி. போட்டால் மக்கின வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். மூழ்கிய வண்டியில் வயரிங் இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மழைக்கு நின்றுவிடும்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3119 என்றால் 2019-ம் வருடம் 31-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. ஆறேழு வருடம் ஆன டயரை மாற்றவேண்டும் என்று கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிந்தாலும் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போவது நல்லது. அவருக்குக் கூலி கொடுங்கள். அதுவும் நீங்களே கொடுங்கள். விற்பவரிடமும் அவர் கமிஷன் வாங்கினால் அவர் சொல்வது விற்பவருடைய வார்த்தைதான்.

காகிதம்

வண்டியின் எண்ணை வைத்து பரிவாகன் தளத்தில் பார்த்தால் எத்தனையாவது உரிமையாளர், பதிவு எது வரை, இன்சூரன்ஸ் எது வரை, கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள். கடன் அடைத்தாயிற்று என்பார்கள், ஆர்.சி.யில் எச்.பி. நீங்கியிருக்காது. பைனான்ஸ்காரர் கொடுத்த படிவம் 35-ம் தடையின்மைச் சான்றும் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று சில தரகர்கள் சொல்வார்கள். காரணம் உண்டு. டெல்லிப் பகுதியில் பத்து வருடத்துக்கு மேலான டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் இதில் சில தளர்வுகள் வந்தன. ஆனாலும் இடையில் ஏராளமான வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு வந்துவிட்டன. அப்படி ஒன்றை வாங்கினால் அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே புது எண், தமிழ்நாட்டின் ஆயுள் வரி என்று செலவும் அலைச்சலும் சேரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் மறுபதிவுச் செலவையும் சேருங்கள். கார் வகை வண்டிக்கு 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆயிற்று. இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரியும், எஃப்.சி.க்காக பெயிண்ட், டிங்கரிங் வேலையும் தனி.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே பரிமாற்றத்தில் இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. உங்கள் பழைய வண்டியை விற்கும்போது அந்த வாங்கியவர் நீங்கள்தான்.

பழையதைக் கொடுக்கும்போது

புது வண்டியின் சந்தோஷத்தில் பழையதை யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று நினைப்பது நம்மவர்களிடம் உண்டு. படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுத் தேதி இல்லாமல் கன்சல்டிங்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் வண்டி உங்களுடையது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. விபத்து நடந்தபோது, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. எப்போதோ விற்ற சுமோ எங்கோ ஒரு ஊரில் யாரையாவது மோதினால், இன்சூரன்ஸும் இல்லாவிட்டால், உங்கள் கடை, வீடு வரை அந்த வழக்கு வரும்.

ஆகவே விற்ற 14 நாளுக்குள் படிவம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வெளி மாநிலத்துக்குப் போனால் 45 நாள். வாங்கியவர் பெயருக்கு மாறியதா என்று ஒரு மாதம் கழித்துத் தளத்தில் பாருங்கள். பெயர் மாறும்வரை பத்தாயிரமோ இருபதாயிரமோ பாக்கி நிறுத்தி வைக்க வாங்குபவர் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு. பெயர் மாற்றம் சீக்கிரம் நடப்பதால் உங்களுக்கும் நல்லது.

வண்டி கடைப் பேரேட்டில் இருந்து, தேய்மானம் எழுதிவந்தவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களாக இருந்தால், விற்ற விலை பேரேட்டு மதிப்பைவிடக் கூடுதலாக வரும் தொகைக்கு மட்டும் வரி உண்டு. 2025 ஜனவரி முதல் பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் அது 18 சதவீதம். விலை பேரேட்டு மதிப்பைவிடக் குறைவு என்றால் வரி இல்லை. வருடம் 15 சதவீதம் வீதம் தேய்த்துப் பத்து வருடமான வண்டியின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கும் என்பதால், நல்ல விலைக்கு விற்கும் பெரிய வண்டிகளில் இந்த வரி வர வாய்ப்பு உண்டு. விலை பேசும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். இழப்பீடு கேட்காததற்காகக் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. ஐந்து வருடம் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பகுதியில் 50 சதவீதம் வரை அது சேர்ந்திருக்கும். பழைய வண்டியை விற்றதும் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம். மூன்று வருடம் வரை செல்லும். வாங்கும் வண்டியின் பழைய பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடவேண்டும். விற்பவருடைய தள்ளுபடி உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். மாற்றாமல் ஓட்டினால் மூன்றாம் நபர் பாதுகாப்பு இருக்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்குச் சேதம் வந்தால், பாலிசி வேறொருவர் பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.